கப்பலில் ஓடும் படி ஏன் இல்லை?



சென்ற மாதம் நமது அறிவியல் நிகழ்ச்சியின் நேரடி ஒலிபரப்பில் நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நாங்கள் மூத்த ஆக்கள் பதினெட்டுப் பேர் சிட்னியிலிருந்து பிஜிப் பக்கம் கப்பலில போகப் போறம். எனக்கு முழங்கால் வருத்தம். கடைத்தொகுதியில இருக்கிற ஓடுற படி, பதினைஞ்சு மாடி உயரக் கப்பலில ஏன் இல்லை? எந்த நேரமும் லிப்ற்றுக்குக் காவல் நிக்கிறதுதானோ வழி?" என்றார். நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டதால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. அது இரண்டு வார்த்தைக் கேள்வி அல்ல என்பதால் இந்த இதழில் ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகக் கட்டடங்களில் மின்தூக்கிகளையும் நகரும் படிக்கட்டுகளையும் பொருத்துவது, பழுதுபார்ப்பது என்ற வேலையில் இருந்தவன். எங்கள் தொழிலில் முதலில் சொல்லித் தருவது இதுதான்: மின்தூக்கி, அதாவது லிப்ற், ஆளைக் கொண்டுபோகும் பெட்டி. நகரும் படிக்கட்டு, அதாவது எஸ்கலேற்றர், ஆட்களைக் கொண்டுபோகும் ஆறு. பெட்டி ஒருவருக்காகவும் வரும், இருபது பேருக்காகவும் வரும். ஆறு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் நமது நேயரின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வேடிக்கைப் பொருளாகப் பிறந்தது

நகரும் படிக்கட்டு முதலில் ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் மக்கள் முன் வந்தது. ஜெஸ்ஸி ரீனோ என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1892இல் காப்புரிமை பெற்று, 1896இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் சாய்வான ஓடும் பட்டி ஒன்றைப் பொருத்தினார். 1898இல் இலண்டன் ஹரட்ஸ் கடையில் ஒன்று வந்தபோது, மேலே போய்ச் சேர்ந்த வாடிக்கையாளர்களின் படபடப்பைத் தணிக்க பிராண்டி கொடுத்தார்களாம். இன்று நாம் காணும் தட்டையான படிகளுடைய வடிவத்தை சார்ள்ஸ் சீபேர்கரும் ஓட்டிஸ் நிறுவனமும் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் உலகுக்குக் காட்டினார்கள்.

உள்ளே இருப்பது எளிமையான இயந்திரம். மேல் முனையில் ஒரு மின்மோட்டார், இரு பக்கமும் இரண்டு தடித்த சங்கிலிகள், அவற்றில் கோத்த படிகள், படிகளின் சில்லுகள் ஓடுவதற்குத் தண்டவாளங்கள், இவை எல்லாவற்றையும் தாங்க உருக்கினால் ஆன நீண்ட சட்டகம். கைப்பிடிப் பட்டியும் அதே மோட்டாரின் விசையில்தான் ஓடுகிறது. படிகள் முடியும் இடத்தில் சீப்புப் போன்ற பற்களுடைய தகடு ஒன்று இருக்கும். படியின் பள்ளங்களுக்குள் அந்தப் பற்கள் நுழைந்து நிற்பதால்தான் நமது பாதணி உள்ளே இழுபடாமல் தரைக்கு வருகிறது. படிக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் ஒரு பக்கத்தில் 4 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய நியமம். இந்த 4 மில்லிமீற்றரை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

சாதாரணமாகச் சாய்வு 30 பாகை, வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். ஒரு மீற்றர் அகலப் படிக்கட்டு ஒன்று மணிக்கு ஏறத்தாழ 6,000 பேரைக் கொண்டு செல்லும் என்று கணக்கிடுவார்கள். புகையிரதம் ஒன்று வந்து நின்று ஆயிரம் பேர் ஒரேயடியாக இறங்கும் இடத்துக்கு இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை. மெல்பேர்ண் பார்லிமென்ற் நிலையத்தில் இறங்கியவர்களுக்கும், சிட்னி சென்ற்றல் நிலையத்தில் மெற்றோவுக்காகப் போட்டிருக்கும் 45 மீற்றர் நீளப் படிக்கட்டில் நின்றவர்களுக்கும் இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கப்பலில் ஓடிய படிக்கட்டுகள்

கப்பலில் இது ஒருபோதும் இருந்ததில்லை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்கக் கடற்படையின் எஸெக்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல்களை 1950களில் திருத்தியமைத்தபோது, விமானிகள் காத்திருக்கும் அறைகளைப் பாதுகாப்புக்காகக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பாரமான பறப்பு உடையும் கருவிகளும் அணிந்த விமானிகள் ஒடுங்கிய ஏணிகளில் ஓடி ஏறினால் மேலே போகுமுன்பே களைத்துவிடுவார்கள். ஆகவே அவர்களை மேல்தளத்துக்குக் கொண்டுசெல்ல நகரும் படிக்கட்டு பொருத்தினார்கள். அவ்வாறு திருத்தப்பட்ட இன்றெபிட், ஹோர்னெற் ஆகிய கப்பல்கள் இன்று நியூயோர்க்கிலும் கலிபோர்னியாவிலும் அருங்காட்சியகங்களாக நிற்கின்றன.

கிரேக்க நாட்டின் பெரிய பயணிகள் படகுகள் பலவற்றிலும் இது உண்டு. வாகனங்கள் நிற்கும் கீழ்த்தளத்திலிருந்து பயணிகள் தங்கும் தளத்துக்கு, பெட்டி படுக்கையுடன் ஓடும் படியில் ஏறிப் போகலாம். 1984 வரை தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய இராமானுஜம் கப்பலில் மூட்டை முடிச்சுகளோடு ஏறி இறங்கிய நம்மவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் இந்த இரண்டு உதாரணங்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விமானந்தாங்கிக் கப்பலில் அதைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். முழங்கால் வருத்தமுள்ள பாட்டிமார் அல்ல. கிரேக்கப் படகில் அது முக்கியமாக வேலை செய்வது துறைமுகத்தில், கப்பல் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும்போது. மேலும் இரண்டு இடத்திலும் கூட்டம் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஓரிரு தளங்களுக்கு மட்டும் போகிறது. ஆறு ஓடுவதற்குப் பொருத்தமான இடங்கள் அவை.

இடக் கணக்கு

இப்போது உல்லாசப் பயணக் கப்பலுக்கு வருவோம். அங்கே ஒருவர் ஐந்தாம் தளத்திலிருந்து பன்னிரண்டாம் தளத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகிறார். இன்னொருவர் ஒன்பதிலிருந்து ஆறுக்கு வருகிறார். போக்குவரத்து நாள் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. அதற்கு ஏற்றது பெட்டிதான்.

ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையில் 3 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 30 பாகைச் சாய்வில் 3 மீற்றர் ஏறுவதற்குச் சாய்வுப் பகுதி மட்டும் தரையில் 5.2 மீற்றர் நீளம் பிடிக்கும். மேலும் கீழும் உள்ள தட்டைப் பகுதிகள், இயந்திரப் பகுதி எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 10 மீற்றர். அகலம் சுமார் 1.6 மீற்றர். ஏற ஒன்று, இறங்க ஒன்று என்றால் இரட்டிப்பு. ஆக ஒவ்வொரு தளத்திலும் 30 சதுர மீற்றருக்கு மேல் இடம் போய்விடும். ஏறி இறங்குபவர்கள் நின்று திரும்புவதற்கான வெளியை இதில் நான் சேர்க்கவில்லை. பத்துத் தளம் ஏறுவதற்கு இப்படி இருபது படிக்கட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றும் பல தொன் எடையுள்ளது. கட்டடத்தில் எடை என்றால் அத்திவாரம் தாங்கும். கப்பலில் உயரத்தில் வைக்கும் ஒவ்வொரு தொன்னும் கப்பலின் சமநிலையைக் குறைக்கும்.

அத்தோடு முழங்கால் வருத்தமுள்ள நமது நேயருக்கு இதனால் ஆறுதல் கிடைக்குமா? பத்துத் தளத்துக்குப் பத்துத் தடவை ஏறி, பத்துத் தடவை கால் மாற்றி, ஒவ்வொரு தளத்திலும் அடுத்த படிக்கட்டுக்குச் சுற்றி நடக்கவேண்டும். ஓடும் படியில் ஆபத்தான கணங்கள் இரண்டு: கால் வைக்கும் கணமும் கால் எடுக்கும் கணமும். பத்துத் தளம் என்றால் இருபது ஆபத்தான கணங்கள். மின்தூக்கியில் இரண்டு நிமிடம் காத்து நிற்பது அவருக்கு எவ்வளவோ மேல். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தைத் தள்ளுவண்டியோடு வருபவருக்கும் நகரும் படிக்கட்டு உதவாது என்பதால், படிக்கட்டு போட்டாலும் மின்தூக்கி போட்டே ஆகவேண்டும்.

கடல் அசையும்போது

கட்டடத்துக்கும் கப்பலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம், கப்பலின் தரை தரையாக இருப்பதில்லை என்பது. உல்லாசக் கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கப் பக்கத் துடுப்புகள் உண்டு. பெரும்பாலான நாட்களில் பெரிய அசைவு தெரியாது. ஆனால் பாதுகாப்பு விதிகள் நல்ல நாட்களுக்காக எழுதப்படுபவை அல்ல. சர்வதேச விதிகளின்படி கப்பலின் பிரதான இயந்திரங்கள் கப்பல் பக்கவாட்டில் 22.5 பாகை வரை உருளும்போதும் இயங்கவேண்டும்.

படிக்கட்டு கப்பலுக்குக் குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கிறது, கப்பல் 10 பாகை சாய்கிறது என்று வையுங்கள். 30 பாகைச் சாய்வு 40 பாகையாகும், மறுபக்கம் உருளும்போது 20 ஆகும். நீங்கள் நிற்கும் படியே முன்னுக்கும் பின்னுக்கும் சரியும். நீளவாக்கில் பொருத்தினால் படிகள் பக்கவாட்டில் சரியும். ஆட்களின் பாரம் முழுவதும் படிகளை ஒரு பக்கச் சுவரோடு அழுத்தும். அப்போதுதான் நான் சொன்ன 4 மில்லிமீற்றர் இடைவெளி ஒரு பக்கம் தேய்ந்தும் மறுபக்கம் விரிந்தும் போகப் பார்க்கும். அலைகளின் மேல் கப்பலின் உடலே சிறிது வளைந்து நிமிரும் என்பதால், நீண்ட சட்டகத்தின் இரு முனைகளையும் இறுகப் பூட்டவும் முடியாது. இவற்றுக்கெல்லாம் பொறியியலில் மாற்று உண்டு, விமானந்தாங்கிக் கப்பல்களில் செய்தும் காட்டினார்கள். ஆனால் மனிதர் தடுமாறுவதற்கு மாற்றுக் கிடையாது.

சாதாரணப் படியில் கப்பல் ஆடினால் நாம் நிற்கலாம், கம்பியைப் பிடிக்கலாம், அப்படியே உட்கார்ந்தும் விடலாம். ஓடும் படியில் ஒருவர் கீழ் முனையில் விழுந்தால், பின்னால் நிற்பவர்களை இயந்திரம் அவர்மேல் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும், யாராவது நிறுத்தும் பொத்தானை அழுத்தும் வரை.

இது வெறும் கற்பனை அல்ல. 2008 யூலை மாத இறுதியில் பசிபிக் சன் என்ற உல்லாசக் கப்பல் வனுவாத்துவிலிருந்து ஒக்லண்ட் நோக்கித் திரும்பும் வழியில், நியூசிலாந்துக்கு வடக்கே புயலில் சிக்கியது. கதிரை மேசைகளும் ஆட்களும் மண்டபத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கிச் சென்ற ஒளிப்படக் காட்சியை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 77 பேர் காயமடைந்தார்கள். நமது சிட்னி வாசலிலேயே 2015 ஏப்ரலில் கானிவல் ஸ்பிரிற் கப்பல் புயல் காரணமாகத் துறைமுகத்துக்குள் வரமுடியாமல் வெளிக்கடலில் காத்துக் கிடந்தது. அப்படியான இரவில் கப்பலில் ஓடும் படிகள் இருந்தால், மாலுமிகள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று அவற்றை நிறுத்திக் கயிறு கட்டுவதாகத்தான் இருக்கும்.

நெருப்பின் பாடம்

கடலில் புயலைவிட அதிகம் அஞ்சப்படுவது நெருப்பு. 1987 நவம்பர் 18ஆம் திகதி இலண்டன் கிங்ஸ் குரோஸ் நிலத்தடி நிலையத்தில், யாரோ தட்டிய தீக்குச்சி ஒன்று மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் விழுந்தது. அங்கே வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கும் குப்பையும் பற்றிக்கொண்டன. 31 பேர் உயிரிழந்தார்கள். ஆராய்ந்தபோது தெரியவந்தது என்னவென்றால், அந்த 30 பாகைச் சாய்வான பள்ளத்தில் சுவாலை மேலே எழாமல் படிகளோடு படிந்து ஓடி, திடீரென மேல் மண்டபத்துக்குள் பாய்ந்தது என்பதே. சிட்னி வின்யாட் நிலையத்தில் 1930களின் தொடக்கத்திலிருந்து ஓடிய மரப் படிக்கட்டுகளைப் பாதுகாப்பை முன்னிட்டு அகற்றியபோது, அவற்றின் 244 படிகளைக் கொண்டு கிறிஸ் பொக்ஸ் என்ற கலைஞர் 2017இல் ஒரு சிற்பம் செய்தார். யோர்க் வீதிப் பக்கத்தால் போனால் தலைக்கு மேல் தொங்குவதைப் பார்க்கலாம்.

இன்று படிகள் உலோகத்தில் வருகின்றன. ஆனாலும் தளத்தைத் துளைத்துப் போகும் திறந்த சாய்வு வழி, புகைக்குப் புகைபோக்கிதான். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை, சுருக்கமாக சோலாஸ், டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் முதலில் எழுதப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டு வடிவமும் அதன் திருத்தங்களும். அதன்படி பயணிகள் கப்பல் நெருப்புத் தாங்கும் சுவர்களால் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. தப்பும் வழியான படிக்கட்டுகள் பொதுவாக உருக்குச் சுவருக்குள், தானாக மூடும் தீக்கதவுகளோடு இருக்கவேண்டும். பெரிய மண்டபத்துக்குள்ளேயே முழுவதும் அடங்கும் படிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே நடு மண்டபத்தில் அலங்காரமாக ஒரு நகரும் படிக்கட்டு வைக்க வழி உண்டு. ஆனால் அது தப்பும் வழிக்கு மேலதிகமாக இருக்குமே தவிர, அதற்குப் பதிலாக இருக்காது.

1990 ஏப்ரலில் ஸ்கன்டினேவியன் ஸ்ரார் கப்பலில் மூண்ட நெருப்பில் 159 பேர் மாண்டார்கள், பெரும்பாலானோரைக் கொன்றது புகை. 1994 செப்ரெம்பரில் எஸ்தோனியா கப்பல் வேகமாகச் சரிந்தபோது, உள்ளே இருந்தவர்களால் சாய்ந்த படிகளில் ஏற முடியவில்லை. 852 உயிர்கள் போயின. அசையாத படியே அந்த நேரத்தில் ஏறமுடியாத சுவராகிவிடுகிறது என்றால், ஓடும் படியைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

உண்மையான கேள்வி

ஆகவே என் முடிவு இது. துறைமுகத்தில், கப்பல் அசையாமல் நிற்கும்போது, ஓரிரு தளம் ஏற்றி இறக்க நகரும் படிக்கட்டு நடைமுறைக்கும் ஏற்றது, பாதுகாப்பானதும்கூட. நடுக்கடலில், பல தளங்களுக்கு, முதியவர்கள் நிறைந்த கப்பலில் அது இடத்தையும் தின்னும், ஆபத்தையும் கூட்டும். கப்பல் கட்டுபவர்கள் அதைத் தவிர்ப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

ஆனால் நமது நேயரின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை. மின்தூக்கியைத் தப்பும் வழியாகக் கொள்ளக்கூடாது என்று சோலாஸ் தெளிவாகச் சொல்கிறது. அபாய அறிவிப்பு வந்தால் மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம் என்பார்கள். அப்போது படியில் இறங்கமுடியாத ஒருவர் என்ன செய்வது? வீட்டில் அம்மாவையோ அம்மம்மாவையோ கப்பலில் அனுப்பும் பிள்ளைகள் யோசிக்கவேண்டியது இதைத்தான்.

முதலாவது, இருக்கையைப் பதிவு செய்யும்போதே வருத்தத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவசர நேரத்தில் உதவி தேவை என்று தெரிவித்தவர்களின் விபரத்தைப் பதிந்து, கப்பல் புறப்படுமுன் தலைவரிடம் கொடுக்கவேண்டும் என்பது விதி. நம்மவர்கள் "ஏன் சும்மா கரைச்சல் குடுப்பான்" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இராது.

இரண்டாவது, அறை எடுக்கும்போது கடல் தெரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவசரகாலத்தில் ஒன்றுகூடும் இடத்துக்கு எத்தனை தளம் என்று கேளுங்கள். இரண்டு தளம் இறங்குவது வேறு, ஏழு தளம் இறங்குவது வேறு.

மூன்றாவது, பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் கொஸ்ரா கொன்கோடியா கப்பல் இத்தாலிக் கரையில் சரிந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பின் விதி மாறியது. 2015இலிருந்து கப்பல் புறப்படுமுன்பு அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடக்கவேண்டும். ஏழோ அதற்கு மேலோ குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது அபாய அறிவிப்பு. ஆங்கிலம் அவ்வளவாக விளங்காத பெரியவர்களுக்குக் கூடப் போகிறவர்கள் இதைத் தமிழில் ஒருதரம் சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, முதல் நாளே அறையிலிருந்து கூடும் இடத்துக்குப் படியால் ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். முடியாது என்று தெரிந்தால் உடனே கப்பல் பணியாளரிடம் சொல்லுங்கள். ஆளை இருத்திப் படியால் இறக்கும் நாற்காலி இருக்கிறதா, யார் வருவார்கள், எங்கே காத்திருக்கவேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

கடைசியாகக் கரையில் இருக்கும் ஓடும் படிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் ஒரு கடைத்தொகுதியில் என் மாமியின் சேலைக் கரை படியின் ஓரத்தில் அகப்பட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்று சிவப்புப் பொத்தானை அழுத்தியதால் சேலையோடு போயிற்று. ஓடும் படியின் இரு ஓரத்திலும் தூரிகை போல ஒன்று ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். சப்பாத்துத் துடைப்பதற்கு அல்ல, காலை ஓரத்திலிருந்து விலக்கி வைப்பதற்கே அது. சேலை, வேட்டி கட்டியவர்கள் கரையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு படியின் நடுவில் நில்லுங்கள். மென்மையான இறப்பர்ச் செருப்புப் போட்ட குழந்தைகளை ஓரத்தில் விடாதீர்கள். கையில் பொதி இருந்தால், முழங்கால் நொந்தால், மின்தூக்கியைத் தேடிப் போங்கள். நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை ஏறுமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு செக்கன் வீண்போகாது.

பிஜிக்குப் போகும் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நல்ல கடலும் நல்ல காற்றும் அமையட்டும். இதுபோன்ற கேள்விகள் உங்களிடம் இருந்தால் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.